முப்பத்தேழு கோடுகள்

அத்தியாயம் 7

அந்தக் குடியிருப்பில் ஒரு செய்தி லிஃப்டுக்காகக் காத்திருந்ததாகச் சரித்திரமே இல்லை. தரைத் தளத்தில் ஒருவர் தும்மினால், நான்காவது மாடிக்குப் போய்ச் சேரும்போது அது நிமோனியா ஆகியிருக்கும். அதனால்தான் காலை பத்தரைக்கு அந்தப் பழைய மொபெட் வாசலில் வந்து நின்றதும், ஐந்து பால்கனிகளில் ஒரே நேரத்தில் துணி உலர்த்த வேண்டிய அவசியம் ஏற்பட்டது. இரண்டு பேர் உலர்ந்த துணியையே உலர்த்தினார்கள்.

மொபெட்டை ஓட்டி வந்தவனுக்கு நாற்பத்தெட்டு வயது. வயிறு மட்டும் அவனைவிடப் பத்து வயது மூத்தது. சுகாதாரத் துறையின் காசநோய்ப் பிரிவில், வீடு வீடாகச் சளி மாதிரி வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பது அவன் உத்தியோகம். ஊரில் அவன் பெயர் டப்பா. பின்சீட்டிலிருந்து இறங்கியவள் அந்தப் பிரிவின் மேற்பார்வையாளர். துருவித் துருவிக் கேட்கிற குணத்துக்காக அலுவலகம் அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்திருந்தது. அவளுக்கும் அது தெரியும். "மழுங்காத வரைக்கும் சரி" என்பாள்.

"மேடம், பால்கனிங்களைப் பாருங்க. என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் எட்டிப் பாக்கலை."

"மேல பாக்காதீங்க. யார் முதல்ல உள்ள போறாங்கன்னு மட்டும் கவனிங்க."

டப்பா செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து பார்த்தான். "யாருமே போகலையே."

"அதான் எனக்கும் பிடிக்கலை. நோய் இருக்கிற கட்டடத்துல எல்லாரும் வெளிய வந்து வேடிக்கை பாக்கறாங்கன்னா, அது யாரால வந்துச்சுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம்."

முடிவு பண்ணித்தான் இருந்தார்கள். ஐந்து மாதத்துக்கு முன்னால் தரைத் தளத்துத் தையலக்காவுக்குக் காசநோய் என்று தெரிந்தது. அடுத்த மூன்று மாதத்தில் மாடியில் நாலு பேருக்கு: மூன்றாம் மாடிச் செயலாளர், இரண்டாம் மாடி வக்கீல், நான்காம் மாடி வங்கிக்காரர், முதல் மாடிக் கல்லூரிப் பெண். நோய் கீழே ஆரம்பித்து மேலே ஏறியிருக்கிறது என்று பதினாறு வீடுகளும் தீர்ப்பு எழுதிவிட்டன. குடியிருப்போர் சங்கத் தலைவர் அதை நோட்டீஸாக அடித்துத் தையலக்கா கதவில் ஒட்டினார். இன்று மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். கைகள் தூக்கப்பட்டால் அவள் மிஷினைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். முன்னறை கடை, பின்னறை வீடு. இரண்டும் ஒரே கதவில் போய்விடும்.

தையலக்கா வாய்க்குள்ளிருந்த இரண்டு குண்டூசிகளை எடுத்துவிட்டுப் பேசினாள்.

"பெட்டி கட்டணுமா வேண்டாமா மேடம்? அதை மட்டும் சொல்லுங்க. நாலு பேருக்குப் பிளவுஸ் வெட்டி வெச்சிருக்கேன்."

துருவி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். காலையில்தான் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. ஐந்து பேரின் கிருமியையும் எழுத்தெழுத்தாகப் படித்து அனுப்பியிருந்தார்கள்.

"கிருமிக்குள்ள ஒரு புத்தகம் இருக்கு. நாப்பத்தி நாலு லட்சம் எழுத்து. பெருகும்போதெல்லாம் அது தன்னைத்தானே காப்பி எடுக்கும். எப்பவாவது ஒரு எழுத்து தப்பும். சுமாரா ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு."

"என் கையெழுத்துக்கு அது எவ்வளவோ மேல்" என்றான் டப்பா.

"பரீட்சைல ரெண்டு பேப்பர்ல ஒரே தப்பு, ஒரே இடத்துல இருந்தா என்ன அர்த்தம்?"

"ரெண்டு பேரும் பெஞ்ச் மேல நிக்கணும்னு அர்த்தம். எனக்கு அனுபவம் இருக்கு."

"மாடில இருக்கற நாலு பேர் கிருமியிலயும் ஒரே தப்புங்க. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் ரெண்டே எழுத்துதான் வித்தியாசம்." துருவி தையலக்காவைப் பார்த்தாள். "உங்க கிருமிக்கும் அவங்க கிருமிக்கும் நாப்பத்தொரு எழுத்து வித்தியாசம்."

தையலக்கா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "நாப்பத்தொண்ணு நல்லதா, கெட்டதா?"

"ரெண்டு பக்கமும் தனித்தனியா தப்பு சேரும், அதனால வருஷத்துக்கு ஒரு வித்தியாசம். அந்த ரெண்டு கிருமிக்கும் சொந்தம் விட்டுப்போயே நாப்பது வருஷம் இருக்கும்."

"எனக்கே முப்பத்தெட்டுதானே மேடம்!"

"அதைத்தான் சொல்றேன். நீங்க யாருக்கும் கொடுக்கலை. உங்களுக்கு எப்பவோ, எங்கயோ வந்து உடம்புக்குள்ள தூங்கிட்டு இருந்திருக்கு. அது தனிக் கதை."

தையலக்கா மிஷின் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாதமாகப் பால்காரன்கூட எட்ட நின்று பாக்கெட்டை வீசிவிட்டுப் போகிற வாசல் அது.

"அப்ப நாலு பேர்ல யாரு யாருக்குக் கொடுத்தாங்க?" என்று கேட்டான் டப்பா.

"அங்கதான் வம்பே. நாலுலயும் ஆளுக்கொரு புதுத் தப்பு தனியா இருக்கு. நாலும் கூடப் பிறந்ததுங்க. யாரும் யாருக்கும் அப்பா இல்லை."

"அப்பா எங்க?"

"இந்தக் கட்டடத்துலதான் எங்கயோ உலாத்திட்டு இருக்கார். மாத்திரை சாப்பிடாம."

டப்பா முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிக்கொண்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான். எதிரே ஒருவர் பால்கனியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். இதுவரை சாதுவாகத் தெரிந்த மனிதர்.

அந்த அப்பாவைத் தேடி அவர்கள் போன மாதமே பதினாறு கதவுகளையும் தட்டியிருந்தார்கள். கேள்வித்தாளில் முதல் கேள்வி: இரண்டு வாரத்துக்கு மேல் யாருக்காவது இருமல் உண்டா? பதினாறு வீட்டிலும் ஒரே பதில்: இருமலா, இந்த வீட்டிலா, நல்லா கேட்டீங்க. நோயாளிகள் நாலு பேரும் இன்னொரு படி மேலே போய், மற்ற மூன்று பேரோடும் தங்களுக்குப் பழக்கமே இல்லை, லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி என்று சாதித்தார்கள்.

"பழக்கமே இல்லையாமா?" தையலக்கா சிரித்தாள். "நாலு பேரும் ஒரே வாரத்துல என்கிட்ட துணி கொடுக்கறதை நிறுத்தினாங்களே!"

துருவியின் கழுத்து மெல்லத் திரும்பியது. "எப்போ?"

தையலக்கா அளவு நோட்டைப் புரட்டிக் காட்டினாள். மார்பு, இடுப்பு, கை நீளம், பக்கத்தில் தேதி. நாலு பேரின் கடைசி அளவும் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நின்றுபோயிருந்தது. நாலும் ஒரே வாரம்.

"மேடம், இதைத் தலைவர் பாத்தா துள்ளிக் குதிப்பார்" என்று டப்பா கிசுகிசுத்தான். "நாலு பேரும் இவங்க கஸ்டமர்தான்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கு."

"நிறுத்தினப்புறம் ஒரு வருஷம் கழிச்சுதான் நாலு பேருக்கும் நோய். அதை விடுங்க. நாலு வீட்டுல, நாலு மாடில, ஒரே வாரத்துல ஒரே எண்ணம் தானா முளைக்குமா? கிருமியோ எண்ணமோ, நாலு இடத்துல ஒரே மாதிரி இருந்தா ஒரே இடத்துலேர்ந்துதான் புறப்பட்டிருக்கணும்."

முதல் மாடிக் கல்லூரிப் பெண் கதவைப் பாதிதான் திறந்தாள். மூன்றாம் மாத மாத்திரை, உடம்பு தேறியிருந்தது. வாய்தான் இன்னும் பூட்டியிருந்தது.

"நான் எங்கயும் போறதில்லை ஆன்ட்டி. காலேஜ், வீடு. அவ்வளவுதான்."

துருவி அடுத்த கேள்வியை யோசிப்பதற்குள் டப்பா சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டான். "எதுக்கு மேடம் பாப்பாவைப் போட்டுப் படுத்தறீங்க. அந்த மீட்டிங் விஷயம்தான் நமக்கே தெரியுமே."

"எந்த மீட்டிங்?"

"அதான், ரகசியமா நடக்குமே."

"ரகசியமா நடந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இப்பதான் தெரிஞ்சுது" என்றான் டப்பா.

கட்டடத்தின் பின்பக்கம், தண்ணீர் மோட்டாருக்கு அடுத்தாற்போல ஒரு அறை. ஒரு காலத்தில் பெயின்ட் டப்பா போட்டு வைத்த இடம். சாவி அவளிடமே இருந்தது. கதவைத் திறந்ததும் அடைத்து வைத்த காற்று ஒரு கடன்காரனைப் போல முகத்தில் வந்து நின்றது. ஐந்து நாற்காலி, ஒரு மேசை. ஒரே ஒரு ஜன்னல். அதற்கும் அட்டை வைத்து ஆணி அடித்திருந்தது.

"இது ஏன்?"

"தையல் மிஷின் சத்தம் கேக்குதுன்னு தலைவர் அடிக்கச் சொன்னார்."

"மீட்டிங் எதுக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள். "தையல் மிஷின் சத்தத்துக்குத்தான். அதைச் சொல்லி அவங்களைக் காலி பண்ண வைக்கணும்னு. யாருக்கும் தெரியக்கூடாது, தெரிஞ்சா கேஸ் நிக்காதுன்னு வக்கீல் அங்கிள் சொன்னார். என் கையெழுத்து நல்லா இருக்கும்னு என்னை எழுதக் கூப்பிட்டாங்க. ஞாயித்துக்கிழமை தோறும் ரெண்டு மணி நேரம்."

"எத்தனை ஞாயிறு?"

"அறுபதுக்கு மேல இருக்கும்."

டப்பா கதவை விரியத் திறந்து அதில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வந்தான். "அதாவது, அந்தக்கா ஒருத்தரை வெளிய தள்ளறதுக்காக நீங்க அஞ்சு பேர் உள்ள உக்காந்து ஜன்னலுக்கு ஆணி அடிச்சுக்கிட்டீங்க."

தீர்மானப் புத்தகம் மேசை இழுப்பறையில் இருந்தது. முத்து முத்தான கையெழுத்து. வந்தவர்கள் பட்டியல் வாராவாரம் மாறவே இல்லை: தலைவர், செயலாளர், வக்கீல், வங்கிக்காரர், இவள். ஐந்து பேரில் நாலு பேர் இப்போது துருவியின் நோயாளிகள்.

"அஞ்சாவது தலைவர்" என்றான் டப்பா. "ஆனா மேடம், அவரை நானே கேட்டேன். இருமல் இல்லவே இல்லைன்னார். வீட்டுல எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சுக் கேட்டேன். சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணாத குறை."

துருவி பக்கங்களைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். ஐந்தைந்தாகக் கட்டப்பட்டவை. முதல் பக்கத்தில் நாலு கோடு. பத்தாவது பக்கத்தில் ஒன்பது. கடைசிப் பக்கத்தில் ஓரம் பற்றாமல் அடுத்த வரிக்கு வழிந்திருந்தன.

டப்பா எண்ணினான். "முப்பத்தேழு. ஓட்டெடுப்பு போல."

"அஞ்சு பேர் இருக்கற ரூம்ல முப்பத்தேழு ஓட்டா?"

"கள்ள ஓட்டு, மேடம். எந்த ஊர்ல இல்லை?"

பெண்ணின் காது சிவந்தது. "அது ஓட்டு இல்லை. எனக்கு அங்க ரொம்ப போர் அடிக்கும். தலைவர் அங்கிள் ஒவ்வொரு தடவை பேசறதுக்கு முன்னாடியும் தொண்டையைச் செருமுவார். சும்மா எண்ணிட்டு இருப்பேன். முதல்ல நாலஞ்சு தடவைதான். அப்புறம் வர வர..."

"ஏம்மா, போன மாசம் வந்து கேட்டப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே!" டப்பாவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"நீங்க இருமலான்னுதானே கேட்டீங்க?" அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. "இருமல் இல்லையே அங்கிள். இது செருமல்."

வெளியே மோட்டார் ஓடி நின்றது. துருவி அந்தப் பக்கத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றாள். பதினாறு கதவு, முப்பத்தொரு கேள்வி. அந்த ஒரு சொல் அவர்கள் தாளில் இல்லை. இருமல் நோயாளிக்கு வரும். செருமல் பெரிய மனிதருக்கு வரும். அவர் செருமினால் லிஃப்டில் வழிவிடுவார்கள், கூட்டத்தில் வாயை மூடுவார்கள், வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைப்பார்கள். டாக்டரிடம் போகச் சொல்ல யாருக்கு நாக்கு எழும்?

"ஒரு வருஷத்து நோயை வாராவாரம் கோடு போட்டு வெச்சிருக்கு இந்தப் பொண்ணு" என்றாள் துருவி. "நம்ம ஆஸ்பத்திரில ஒரு சீட்டு இவ்வளவு ஒழுங்கா இருந்து நான் பாத்ததில்லை."

தலைவர் அவர்களைப் பால்கனியில் உட்காரவைத்தார். சட்டை தோளில் தொங்கியது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை.

"எனக்கு இருமல் இல்லைம்மா. ஏற்கனவே சொல்லியாச்சே."

"செருமல் எத்தனை நாளா சார்?"

அவர் செருமினார். பிறகு அதற்காகவே எரிச்சலடைந்தார். "பேசறதுக்கு முன்னாடி தொண்டையைச் சரிபண்ணிக்கறது ஒரு வியாதியா? எங்கப்பாவும் செருமுவார்."

"குரல் கரகரன்னு இருக்கே?"

"வயசு."

"உடம்பு இளைச்சிருக்கே?"

"வாக்கிங்."

டப்பா வாய்க்குள் முணுமுணுத்தான். "கேள்வித்தாள் முன்னாடியே அவுட் ஆயிடுச்சு மேடம்."

துருவி குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். எழுத்துகளை, கூடப் பிறந்த நாலு கிருமிகளை, காணாமல் போன அப்பாவை, ஆணி அடித்த ஜன்னலை. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. ஆனால் மனிதர் முப்பது வருஷம் அதிகாரியாக இருந்தவர். ஓட்டை எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டார்.

"இதை நீங்க வெளிய சொல்ல முடியுமா?"

"முடியாது சார். நோயாளி யாருன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன்."

அவர் தோள்கள் இறங்கின. "அப்ப சரி. டெஸ்ட் அடுத்த வாரம் பாத்துக்கலாம். கூட்டம் அஞ்சு மணிக்கு."

டப்பாவுக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்தான், துருவியின் கை அவன் முழங்கையை அழுத்தியது. அவள் இன்னொரு தாளைப் புரட்டினாள். அடுத்த கேள்விக்குப் போகிற சாதாரண வேகத்தில் கேட்டாள்:

"வீட்டுல அஞ்சு வயசுக்குக் கீழ யாராவது இருக்காங்களா சார்?"

பதில் தானாகவே தவழ்ந்து வந்தது. எட்டு மாதம். பிரசவத்துக்கு வந்த மகள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். குழந்தை தாத்தாவின் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தது. அவர் பழக்கத்தில் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. குழந்தை காத்திருந்தது, தாத்தா தூக்கவில்லை என்றதும் உதட்டைப் பிதுக்கியது.

"இவளுக்கு... வந்திருக்குமா?"

"தெரியாது. இன்னைக்கே பாத்துடலாம். வராம இருக்க மருந்தும் இருக்கு. ஆனா முதல்ல உங்களைப் பாக்கணும்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். டப்பா, மூடி திறந்த ஒரு சளிக் குப்பியை அந்தக் கையில் வைத்தான். வேடிக்கையாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று அவனுக்கே பயமாக இருந்ததால், மொபெட் சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டான்.

நாலரைக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. கிருமி இருக்கிறது, ஏராளமாக. எழுத்துகளைப் படித்து, அந்த அப்பா இவர்தானா என்று உறுதியாகச் சொல்ல இன்னும் ஒன்றரை மாதம் ஆகும். துருவி அதுவரை எதையும் உறுதி என்று சொல்லமாட்டாள். சந்தேகம் என்றுகூட வாய்விட்டுச் சொல்லமாட்டாள். கூட்டத்தை மட்டும் அறைக்குள் வைக்காமல் கார் நிறுத்துமிடத்தில், திறந்த வெளியில் வைக்கச் சொன்னாள்.

பதினாறு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. தையலக்காவின் சம்மதத்தோடு துருவி சொன்னாள்: கீழே இருக்கிற கிருமி வேறு, மாடியில் இருக்கிற கிருமி வேறு. ஒன்றிலிருந்து மற்றது வரவில்லை.

வக்கீல்தான் முதலில் கேட்டார்: "அப்ப யாரு?"

"வேண்டியதைப் பாத்துட்டு இருக்கோம் சார். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

செயலாளர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் வங்கிக்காரரைப் பார்த்தார். வங்கிக்காரர் நாற்காலியை நாலு விரல்கடை நகர்த்திப் போட்டார். ஐந்து மாதமாக ஒருத்தி மேல் குவிந்து கிடந்த பார்வை அத்தனையும் அவிழ்த்துவிட்ட கோழிகள் மாதிரி கூட்டத்துக்குள் ஓடித் திரிந்தது. தையலக்கா ஒருத்திதான் யாரையும் பார்க்கவில்லை.

தூணோரம் முகக்கவசத்தோடு நின்றிருந்த தலைவர் செருமினார். எல்லாரும் வாயை மூடினார்கள். கல்லூரிப் பெண்ணின் விரல் மட்டும் மடியில் தானாக ஒரு கோடு போட்டது.

"நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார்.

"காரணம்?" என்றார் வக்கீல்.

"ஒட்டும்போது யாரும் காரணம் கேக்கலையே."

கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் காலை டப்பா தையலக்காவின் கடையில், துணி போட்டுப் பார்க்கிற திரைக்குப் பின்னால் இருந்தான். இடுப்பில் தையல் விட்டுப்போன பேண்ட்டைச் சரிபண்ணக் கொடுத்திருந்தான். மாற்றுப் பேண்ட் கிடையாது. அரை நிர்வாணமாக நின்றிருந்தபோது வாசலில் அந்தக் கரகரத்த குரல் கேட்டது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்மா."

மிஷின் நின்றது.

"நேத்திலேர்ந்து... சிவப்பா போகுது. ஒண்ணுக்கு. ரத்தம் மாதிரி." குரல் இன்னும் இறங்கியது. "ஆஸ்பத்திரில டாக்டரம்மா என்னவோ சொன்னாங்க, காதுல ஏறலை. வீட்டுல சொன்னா பயந்துடுவாங்க. இந்தக் கட்டடத்துல வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியலை."

திரைக்குப் பின்னால் டப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டான். தையலக்காவுக்கு விஷயம் புரிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவனால் பார்க்க முடியவில்லை. ஊசியில் நூல் கோக்கிற நேரம் இருக்கும்.

"அது மாத்திரையோட கலர் சார்" என்றாள் கடைசியில். "முதல் நாள் நானும் அலறினேன். ஒண்ணும் ஆகாது. வெறும் வயித்துல போட்டுட்டு உடனே படுக்காதீங்க, குமட்டும். மெதுவா நடங்க. பாப்பா எப்படி இருக்கா?"

"பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னாங்க. தடுப்பு மருந்து கொடுத்திருக்காங்க." அவர் போகாமல் நின்றார். "இது... வேற யார்கிட்டயும்..."

"சொல்ல மாட்டேன் சார். சொன்னா நீங்க என்ன ஆவீங்கன்னு எனக்குத் தெரியும். அஞ்சு மாசமா நான் அதுவாத்தானே இருந்தேன்."

செருப்புச் சத்தம் தயங்கித் தயங்கிப் படியேறிப் போனது. திரை கொஞ்சமாக விலகி, ஒரு கை மட்டும் பேண்ட்டை உள்ளே நீட்டியது.

"இங்க கேட்டதை வயித்துக்குள்ளயே வெச்சுக்கோங்க" என்றாள் தையலக்கா. "ஒரு இன்ச் விட்டுத் தெச்சிருக்கேன். இடம் இருக்கும்."